கொப்பித் தாளில் எழுதிய சரித்திரம்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



ஒரு பாடசாலையின் சரித்திரத்தை எங்கே தேடிப் படிப்பது? வாசலிலே பதித்த கல்லில் திறந்துவைத்தவரின் பெயர் இருக்கும். அதிபரின் அறைச் சுவரிலே முன்னைய அதிபர்களின் படங்கள் வரிசையாகத் தொங்கும். நூற்றாண்டு மலரைப் புரட்டினால் ஸ்தாபகரின் தியாகமும் கட்டடங்கள் எழுந்த ஆண்டுகளும் கிடைக்கும். இவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் இவை அனைத்தும் பெரியவர்கள் எழுதிவைத்த சரித்திரம். அந்தப் பாடசாலையின் வாங்கிலே இருந்து படித்த பிள்ளை அந்த நாளிலே என்ன நினைத்தது, எதற்குப் பயந்தது, எதற்குச் சிரித்தது என்பதை அறியவேண்டுமானால், பிள்ளைகள் தம் கையால் எழுதிய பத்திரிகைகளைத்தான் நாடவேண்டும். அத்தகைய ஒரு பத்திரிகையையும் அதை ஈன்ற பள்ளிக்கூடத்தையும் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

அந்தப் பள்ளிக்கூடம் நமது நாட்டில் இல்லை. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே, குவேக்கர் என்று அழைக்கப்படும் கிறிஸ்தவச் சமூகத்தினர் நிறுவியது அது. இந்துக் கல்லூரியிலே தமிழ் படிப்பிக்கும் ஒருவனுக்கு அங்கே என்ன வேலை என்று வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்து கேட்டுக்கொண்டிருக்கும் நேயர் ஒருவர் நினைக்கலாம். நமக்கும் குவேக்கருக்கும் உறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1896இல் அவர்களுடைய மிஷன் நமது மாத்தளையிலே பணி தொடங்கியது. 1928இல் சென்னைக்கு வந்து, வேப்பேரியிலே பெண்டிங் பெண்கள் பாடசாலையில் படிப்பித்து, தமிழும் கற்று, பின்னர் தாகூரின் சாந்திநிகேதனத்துக்குப் போன மார்ஜரி சைக்ஸ் அம்மையார் குவேக்கர் சமூகத்தில் இணைந்தவர். ஆனால் நான் இந்தப் பள்ளிக்கூடத்தைத் தேடிப்போனதற்குக் காரணம் வேறு. அதை உரையின் நடுவிலே சொல்கின்றேன்.

முதலில் குவேக்கர் என்போர் யாவர் என்று பார்ப்போம். 17ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்திலே, உள்நாட்டுப் போரால் நாடு அலைக்கழிந்த காலத்திலே, 1624இல் பிறந்த ஜோர்ஜ் பொக்ஸ் என்பவரின் போதனையிலிருந்து தோன்றியவர்கள் அவர்கள். தங்களை அவர்கள் அழைத்துக்கொண்ட பெயர் 'நண்பர்கள்' என்பதே. 'குவேக்கர்', அதாவது நடுங்குவோர், என்பது பிறர் வைத்த பட்டப்பெயர். ஒவ்வொரு மனிதரின் உள்ளேயும் இறைவனின் ஒளி இருக்கின்றது என்பது அவர்களின் அடிப்படை நம்பிக்கை. அதனால் குருமார் வேண்டாம் என்றனர். வழிபாட்டுக்குக் கூடினால் மௌனமாக இருப்பர். யாருக்கேனும் உள்ளிருந்து ஒரு சொல் எழுந்தால் எழுந்து சொல்வர். போருக்குப் போகமாட்டார்கள். நீதிமன்றத்திலே சத்தியம் செய்யமாட்டார்கள். உண்மை பேசுபவனுக்கு எதற்குத் தனிச் சத்தியம் என்பது அவர்கள் கேள்வி.

தமிழாசிரியன் என்ற முறையிலே என்னைக் கவர்ந்தது அவர்களின் இன்னொரு வழக்கம். அக்கால ஆங்கிலத்திலே நமது 'நீ', 'நீங்கள்' போல முன்னிலையில் இரண்டு வடிவங்கள் இருந்தன. பெரியவரை, செல்வரைப் பன்மை வடிவத்தால் அழைப்பர். எளியவரை ஒருமையால் அழைப்பர். குவேக்கர்களோ பிரபுவையும் நீதிபதியையும் 'நீ' என்றே அழைத்தனர். அவர்கள் முன்னிலையிலே தொப்பியையும் கழற்றவில்லை. இதற்காகவே பலர் சிறைக்குப் போயினர். 'நீ', 'நீர்', 'நீங்கள்' என்று மூன்று படிகளை வைத்துக்கொண்டு, யாரை எந்தப் படியில் நிறுத்துவது என்று தினமும் கணக்குப் பார்க்கும் நமக்கு, ஒரு பிரதிப்பெயருக்காக மனிதர் சிறை சென்றார்கள் என்பது யோசிக்கவேண்டிய சங்கதி.

அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்தான் வில்லியம் பென். 1681இல் இங்கிலாந்தின் மன்னர் இரண்டாம் சாள்ஸ் அவருக்கு அமெரிக்காவிலே பெருநிலம் ஒன்றை வழங்கினார். அதுவே பென்சில்வேனியா. 1682இல் அங்கே நகரம் ஒன்றை அமைத்து, 'சகோதர அன்பு' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பிலடெல்பியா என்று பெயரிட்டார் பென். ஏழு ஆண்டுகள் கழிந்து, 1689இல், அவரின் விருப்பப்படி அந்நகரிலே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியது. ஜோர்ஜ் கீத் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் முதல் தலைமையாசிரியர். 1701இலும் பின்னர் 1711இலும் பென் அப்பள்ளிக்குச் சாசனம் வழங்கினார். இன்றும் அது 'வில்லியம் பென் சாசனப் பள்ளி' என்ற பெயருடனேயே நடைபெறுகின்றது.

வசதியுள்ளவரிடம் நியாயமான கட்டணம், வறியவருக்கு இலவசம் என்பது தொடக்ககாலத்திலேயே அங்கு வகுத்த ஏற்பாடு. செல்வத்திலும் நல்ல கல்வி மேலானது என்ற கருத்தை அப்பள்ளி தன் முத்திரையிலே பொறித்துக்கொண்டது. வள்ளுவரின் 'கல்வி' அதிகாரத்தை, அதிலும் அதன் இறுதிக் குறளை, மனப்பாடம் செய்த நமக்கு இது அந்நியமான கருத்தன்று. பென்னுக்குக் கல்வியைப் பற்றித் தெளிவான அபிப்பிராயம் இருந்தது. 1693இல் வெளிவந்த தமது நூலிலே, பிள்ளைகளின் ஞாபகசக்தியை மிக இளமையிலேயே சொற்களாலும் இலக்கண விதிகளாலும் நிரப்பிவிடுகின்றோம். கண்ணுக்கு எதிரே இருக்கும் பொருள்களை அறியவும் செய்து பார்க்கவும் விடுகின்றோமில்லை என்று அவர் குறைப்பட்டார். நன்னூற் சூத்திரத்தை ஒப்புவித்தவன் கெட்டிக்காரன், தன் தெருவைப் பற்றி நான்கு வரி எழுதியவனுக்குப் புள்ளியில்லை என்றிருக்கும் நமது வகுப்பறைக்கும் இது பொருந்தும்.

அப்பள்ளியின் ஆசிரியர்களிலே இருவரை மட்டும் இங்கே குறிப்பிடுகின்றேன். ஒருவர் சாள்ஸ் தொம்சன். 1750களிலே அங்கே இலத்தீன் படிப்பித்தவர். பின்னர் அமெரிக்கக் கண்டப் பேரவையின் செயலாளரானார். 1776 ஜூலையில் அச்சிட்டுப் பரப்பிய சுதந்திரப் பிரகடனத்திலே இவர் பெயரும் இருக்கின்றது.

மற்றவர் அன்ரனி பெனசெற். 1713இல் பிரான்சிலே பிறந்தவர். சமயக் கொடுமைக்கு அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறிய குடும்பத்தின் பிள்ளை. நமது மொழியிலே சொன்னால் இடம்பெயர்ந்த பிள்ளை. 1742 முதல் குவேக்கரின் பள்ளியிலே படிப்பித்தார். 1750 முதல் மாலை வேளைகளில் தமது வீட்டிலேயே கறுப்பினப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். 1754இல் பெண்பிள்ளைகளுக்கான வகுப்பைப் பொறுப்பேற்றார். 1770இல் கறுப்பினப் பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலை அமைய முன்னின்றார். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பாலபாட நூல் ஒன்றையும் எழுதினார். பாலபாடம் என்றதும் நமக்கு நாவலர் நினைவு வரும். வண்ணார்பண்ணையிலே 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய நாவலரும் பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், பாடநூல் மூன்றையும் ஒன்றாகவே கண்டவர். சமயம் வேறு, நோக்கம் வேறு. ஆனால் ஒரு சமூகம் நிலைத்து நிற்பதற்கு முதலிலே பிள்ளையின் கையில் புத்தகம் வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றே.

இனிப் பத்திரிகைக்கு வருவோம். 1777ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் திகதி. அப்பள்ளியின் இலத்தீன் பிரிவிலே படித்துக்கொண்டிருந்த சாமுவேல் மிக்கிள் பொக்ஸ் என்ற மாணவன் ஒரு பத்திரிகையைத் தொடங்கினான். 1763இல் பிறந்தவன், பதின்மூன்று, பதினான்கு வயது. நம் கணக்கிலே தரம் ஒன்பதில் இருக்கும் பிள்ளை. பத்திரிகைக்கு அவன் வைத்த பெயரைத் தமிழில் 'மாணவர் வர்த்தமானி' எனலாம். நம் நாட்டிலே வர்த்தமானி என்றால் அரசாங்க அறிவித்தல் என்றாகிவிட்டது. ஆனால் அந்நாளில் அச்சொல் செய்தித்தாளையே குறித்தது. பெஞ்சமின் பிராங்ளின் நடத்திப் புகழ்பெற்ற பத்திரிகையின் பெயரும் 'பென்சில்வேனியா வர்த்தமானி' என்பதுதான். பெரியவர்களின் பத்திரிகைப் பெயரைப் பிள்ளைகள் எடுத்துத் தங்கள் தாளுக்குச் சூட்டிக்கொண்டார்கள்.

அச்சுக்கூடங்கள் நிறைந்த நகரம் பிலடெல்பியா. ஆயினும் 'மாணவர் வர்த்தமானி' அச்சிலே வரவில்லை. கையால் எழுதிய பத்திரிகை அது. வாரந்தோறும் வந்தது. 1777இலும் 1778இலும் எழுதப்பட்டது. அமெரிக்காவிலே இன்று நாம் அறிந்த மாணவர் பத்திரிகைகளுள் மிகப் பழையது அதுவே என்று கூறுகின்றனர்.

நேயர்களே, அந்த இரண்டு ஆண்டுகளும் சாதாரணமான ஆண்டுகளல்ல. நாடு போரிலே இருந்தது. குவேக்கர்கள் எந்தப் பக்கத்துக்கும் ஆயுதம் தூக்க மறுத்தனர். விசுவாசச் சத்தியமும் செய்ய மறுத்தனர். அதனால் இரு தரப்பாரின் சந்தேகத்துக்கும் ஆளாயினர். 1777 செப்ரெம்பரிலே பிலடெல்பியாவின் குவேக்கர் பிரமுகர்கள் முதலாகச் சுமார் 20 பேரைப் பிடித்து, விசாரணை எதுவுமின்றி, தொலைவிலுள்ள வேர்ஜீனியாவின் வின்செஸ்ரர் நகருக்கு நாடுகடத்தினார்கள். 1778 ஏப்ரலிலே அவர்களைத் திரும்ப விட்டபோது இருவர் உயிருடன் இல்லை. அதே 1777 செப்ரெம்பர் 26ஆம் திகதி பிரித்தானியப் படை நகருக்குள் புகுந்தது. 1778 ஜூன் 18ஆம் திகதி வரை நகரம் அதன் பிடியிலே இருந்தது. வீதியிலே சிப்பாய்கள், வீட்டிலே கைதானவர்களைப் பற்றிய கவலை, கடையிலே பொருளில்லை. அந்த ஆண்டுகளிலேதான் சில பையன்கள் பேனையையும் மையையும் எடுத்து, தங்களுக்கென்று ஒரு பத்திரிகை எழுதினார்கள்.

இந்த இடத்திலேதான் அந்தப் பள்ளிக்கூடம் எனக்கு நெருக்கமாகின்றது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்தைவிட்டு லட்சக்கணக்கானோர் ஒரே இரவில் புறப்பட்டனர். நாவற்குழிப் பாலத்திலே மழையில் நனைந்துகொண்டு நகர்ந்த அந்தக் கூட்டத்திலே நானும் ஒரு சிறுவன். அடுத்த ஆண்டு கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையிலே உறவினர் வீட்டு முன்விறாந்தையில் இருந்துகொண்டு படித்தேன். நான் சேர்ந்த பாடசாலையிலே ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். நான் அந்த இரவைப் பற்றி எழுதினேன். கொப்பித் தாளிலே ஆறு பக்கம். மலருக்குப் பொறுப்பான ஆசிரியர் வாசித்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். "நல்லாய் எழுதியிருக்கிறீர் தம்பி. ஆனால் மலரிலே போட ஏலாது. வேறொன்று எழுதித் தாரும்" என்றார். அந்நாளின் கொழும்பை அறிந்தவர்களுக்கு அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது விளங்கும். சோதனைச் சாவடியும் பொலிஸ் பதிவும் அடையாள அட்டையும் ஒவ்வொரு வீட்டின் கவலையாயிருந்த காலம் அது. நான் 'நேரத்தின் அருமை' என்ற தலைப்பிலே இன்னொன்று எழுதிக் கொடுத்தேன். அது அச்சாகியது. அந்த மலர் இன்றும் என்னிடம் இருக்கின்றது. அந்த ஆறு பக்கங்கள் இல்லை.

இதைச் சொல்வது அந்த ஆசிரியரைக் குறைகூற அல்ல. அச்சிலே ஏறும் மலருக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. அது வெளியாருக்குப் போகும் பொருள். அமைச்சர் பார்ப்பார், பணிப்பாளர் பார்ப்பார், பெற்றோர் பார்ப்பர். ஆகவே அது சட்டை அழுத்திப் போட்டுக்கொண்டு வெளியே வருகின்றது. இன்றைக்கும் எந்தப் பாடசாலை மலரையாவது விரித்துப் பாருங்கள். முதல் இருபது, முப்பது பக்கங்கள் வாழ்த்துச் செய்திகள். அவற்றின் பின் அறிக்கைகள், குழுப் படங்கள், விளம்பரங்கள். பிள்ளைகளின் ஆக்கம் வரும்போது அது ஆசிரியரின் திருத்தத்திலே குளித்து, ஒரே சாயல் பெற்றிருக்கும். தரம் ஆறு பிள்ளையும் தரம் பதின்மூன்று பிள்ளையும் ஒரே வசனத்தையே எழுதுவதுபோலத் தோன்றும். மலர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலர் ஆவணம். ஆனால் அதனுள்ளே பிள்ளையின் குரல் அரிதாகவே கேட்கின்றது.

கையெழுத்துப் பத்திரிகைக்கு இந்தப் பயம் இல்லை. ஒரே ஒரு பிரதி. கைமாறிக் கைமாறி வகுப்புக்குள்ளேயே சுற்றும். செலவு ஒன்றுமில்லை. எழுதியவனின் எழுத்து, வெட்டித் திருத்திய இடம், ஓரத்திலே வரைந்த படம் எல்லாம் அப்படியே இருக்கும். நமது இலக்கிய சரித்திரமே இதற்குச் சாட்சி. 1943இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய மறுமலர்ச்சிச் சங்கத்து இளைஞர்கள் முதலிலே கையெழுத்துப் பத்திரிகைதான் நடத்தினார்கள். 1946இலேதான் 'மறுமலர்ச்சி' அச்சிலே வந்தது. ஈழத்துச் சிறுகதை வரலாற்றிலே ஒரு காலகட்டத்துக்கே பெயர் கொடுத்த சஞ்சிகை அது. வரதர், அ.செ. முருகானந்தன் ஆகியோரின் பெயர்கள் அதனோடு சேர்ந்தவை. அதற்கும் நூறு ஆண்டுகளுக்கு முன்னர், 1841இல் வெளிவந்த 'உதயதாரகை'யின் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் செத் பேசனும் வட்டுக்கோட்டை செமினரியிலே படித்து வந்தவர்கள். பள்ளிக்கூடத்து வாங்கிலிருந்துதான் நம் பத்திரிகைத் தொழிலே எழுந்திருக்கின்றது.

கடதாசி இல்லாத காலத்திலே எழுத்து நின்றுவிடும் என்று நினைக்கின்றோம். அப்படி நிற்பதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்திலே யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் கொப்பித் தாளிலும் வர்ணத் தாளிலும் அச்சாகி வந்ததைப் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். பின்னர் 2022இல் நாடு முழுவதற்கும் அந்த நிலை வந்தது. அவ்வாண்டு மார்ச்சிலே மேல் மாகாணத்துப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளையே கடதாசித் தட்டுப்பாட்டினால் ஒத்திவைக்க நேர்ந்தது. அந்த மாதங்களிலே நான் படிப்பித்த தரம் பத்துப் பிள்ளைகள், பாதி எழுதிய பழைய கொப்பிகளிலிருந்து வெற்றுத் தாள்களைக் கிழித்துச் சேர்த்து, தடித்த நூலால் தைத்து, ஒரு கையெழுத்துப் பத்திரிகை தொடங்கினார்கள். நான் விதித்த நிபந்தனை இரண்டே. எழுத்துப் பிழையை மட்டும் நான் பார்ப்பேன். விஷயத்தில் கை வைக்கமாட்டேன். வகுப்பிலே எல்லாரும் எழுதவேண்டும். கெட்டிக்காரர் மட்டும் எழுதினால் போதாது.

கெட்டிக்காரப் பிள்ளைகள் வழமைபோல 'தாய்மொழியின் சிறப்பு' எழுதினார்கள். வகுப்பிலே வாயே திறவாத பையன் ஒருவன், கொட்டாஞ்சேனையிலிருந்து வருபவன், எழுத ஒன்றுமில்லை என்று நின்றான். "வீட்டிலே நடப்பதை எழுதும்" என்றேன். அவனுடைய அம்மம்மா இடியப்பம் அவித்து விற்பவர். மா என்ன விலை, தேங்காய் என்ன விலை, எரிவாயு இல்லாமல் விறகுக்கு என்ன செலவு, பத்து இடியப்பம் என்ன விலைக்குப் போகின்றது என்று மாதந்தோறும் ஒரு பக்கம் எழுதினான். ஓர் இதழிலே விலையைக் கூட்டாமல் இடியப்பத்தின் சுற்றளவைக் குறைத்ததையும், வாடிக்கைக்காரர் ஒருவர் அதைக் கண்டும் காணாததுபோல் வாங்கிப் போனதையும் எழுதியிருந்தான். அந்த ஆண்டைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வந்தன. அந்த வாடிக்கைக்காரர் வேறெங்கும் எழுதப்படவில்லை.

ஐந்து இதழ்கள் வந்தன. அவற்றிலே மூன்று என் கைவசம். ஒன்று, வெளிநாடு சென்ற மாணவி ஒருத்தியின் பெட்டியிலே போய்விட்டது. மற்றது எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. இரண்டே ஆண்டுகளிலே ஐந்து மூன்றாகிவிட்டது. 240 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு பையனின் பத்திரிகையைப் பற்றி நாம் இன்று பேசமுடிகின்றதென்றால், யாரோ அதை வைத்திருந்தார்கள் என்பதே அதன் பொருள்.

இங்கே இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 'மாணவர் வர்த்தமானி' எழுதிய பையன்கள் இலத்தீன் படிக்க வாய்ப்புப் பெற்றவர்கள். அதே நகரிலே, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர், பெனசெற் முன்னின்று அமைத்த பாடசாலையிலே சிறிது காலம் எழுத்துக் கற்றவன் ஜேம்ஸ் போர்ட்டன் என்ற கறுப்பினச் சிறுவன். 1766இல் பிறந்தவன். தந்தை இறந்துவிட, ஒன்பது வயதளவிலே படிப்பை விட்டு வேலைக்குப் போனான். பின்னாளிலே கப்பற்பாய் தைக்கும் தொழிலில் பெரும் செல்வரானான். 1831இல் அடிமை முறையை எதிர்த்து 'விடுதலையாளன்' என்ற பத்திரிகை தொடங்கியபோது அதற்குப் பணம் கொடுத்துத் தாங்கியவர்களிலே முக்கியமானவர் அந்த ஜேம்ஸ் போர்ட்டனே. அவருக்கும் பத்திரிகையின் அருமை தெரிந்திருந்தது. ஆனால் அவர் சிறுவனாயிருந்தபோது எழுதுவதற்கு ஒரு மாணவர் பத்திரிகை இருக்கவில்லை.

குவேக்கர்களின் சரித்திரமும் மாசற்றதன்று. வில்லியம் பென்னிடமே அடிமைகள் இருந்தனர். பிலடெல்பியாவுக்கு அருகே ஜேர்மன்ரவுன் என்ற ஊரில் நான்கு பேர் 1688இலேயே அடிமை முறைக்கு எதிராகக் கண்டனம் எழுதிக் கையொப்பமிட்டனர். ஆனால் அடிமைகளை வைத்திருப்போருக்குத் தம் சமூகத்தில் இடமில்லை என்று பிலடெல்பியாக் குவேக்கர்களின் ஆண்டுக் கூட்டம் தீர்மானித்தது 1776இலேதான். ஒவ்வொருவர் உள்ளேயும் ஒளி இருக்கின்றது என்று சொன்னவர்களுக்கே அதைக் கறுத்த மனிதரிடம் காண 88 ஆண்டுகள் சென்றன. ஆகவே ஒரு மாணவர் பத்திரிகையைக் கையிலெடுத்தால், யார் எழுதியிருக்கின்றார்கள் என்பதோடு யார் எழுதவில்லை என்பதையும் கேட்கவேண்டும். நம் பாடசாலை மலர்களிலும் எழுதாத பிள்ளைகள் இருக்கின்றார்கள். கடைசி வாங்கிலே இருப்பவர்கள், மலையகத்திலிருந்து வந்து கடையிலே நின்று படிப்பவர்கள், வீட்டிலே வேறு மொழி பேசுபவர்கள். அவர்களின் எழுத்திலே பிழை கூடுதலாயிருக்கும். செய்தியும் கூடுதலாயிருக்கும்.

சாமுவேல் பொக்ஸ் பெரிய எழுத்தாளன் ஆகவில்லை. பிற்காலத்திலே வங்கி ஒன்றின் தலைவரானார், 1808இல் காலமானார். அதனால் அவர் நடத்திய பத்திரிகை வீணாகிவிட்டதா? வகுப்பிலே நாற்பது பிள்ளைகள் எழுதினால் ஒரு எழுத்தாளர் வரலாம், வராமலும் போகலாம். மற்ற முப்பத்தொன்பது பேரும், தாங்கள் கண்டதைத் தங்கள் சொல்லாலே சொல்லமுடியும் என்பதை ஒருமுறையாவது அறிந்திருப்பார்கள். தமிழ்ப் பாடத்தின் நோக்கம் இதைவிட என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பள்ளிக்கூடம் இன்று ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் பள்ளிக்கூடம். அங்குள்ள மாணவர் பத்திரிகையின் பெயர் 'கண்ணாடி' என்று பொருள்படும். பொருத்தமான பெயர்தான்.

நேயர்களே, நாம் இழந்தவை அதிகம். 1981 ஜூன் முதலாம் திகதி விடிவதற்குள் யாழ்ப்பாண நூலகத்தோடு 97,000 வரையிலான நூல்கள் எரிந்தன என்பதை நாம் எண்ணிச் சொல்கின்றோம். இடம்பெயர்வுகளிலே பாடசாலை அலுமாரிகளோடு போன கையெழுத்துப் பத்திரிகைகளை எண்ணியவர் யாருமில்லை. அச்சிட்ட நூலுக்காவது சட்டம் உண்டு. 1885ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, நாட்டிலே அச்சாகும் ஒவ்வொன்றின் பிரதிகளையும் அரசாங்கத்துக்கு ஒப்படைக்க வேண்டும். அவை தேசிய சுவடிக்கூடத்தைச் சேரும். கையெழுத்துப் பத்திரிகைக்கு அந்தச் சட்டமும் இல்லை. அதைக் காப்பதற்கு ஆசிரியரும் பெற்றோரும்தான் இருக்கின்றோம்.

ஆகவே சில வேண்டுகோள்கள். ஆசிரியர்களே, வருடத்துக்கு ஒன்றாவது, பிள்ளைகள் தாங்களே எழுதித் தைக்கும் ஓர் இதழுக்கு இடம் கொடுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் பெயரும் வகுப்பும் ஊரும் திகதியும் இடச் சொல்லுங்கள். ஜூன் 11 என்று நான் இன்று நிச்சயமாகச் சொல்லமுடிவது திகதி எஞ்சியிருப்பதால்தான். கறுப்பு மையாலே தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதினால் நெடுநாள் நிற்கும், பிரதியெடுக்கவும் இலகு. இதழ் முடிந்ததும் படம்பிடித்து வையுங்கள். 2005 முதல் இயங்கிவரும் 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பாடசாலை மலர்களையும் சேகரித்து வருகின்றது, அவர்களோடு தொடர்புகொள்ளுங்கள். மூலப் பிரதியைப் பாடசாலை நூலகத்திலே பதிவேட்டில் ஏற்றி வையுங்கள். 1942இல் தோன்றி வெள்ளவத்தையிலே இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கமும் 1902இல் தோன்றிக் கொட்டாஞ்சேனையிலே இயங்கும் விவேகானந்த சபையும் தத்தம் பகுதிப் பாடசாலைகளின் இத்தகைய இதழ்களுக்கு ஓர் அலுமாரி ஒதுக்கினால் பெரிய புண்ணியமாகும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். புது வீட்டுக்குப் போகும்போதும் வெளிநாடு புறப்படும்போதும் பழைய கொப்பிகளைக் கட்டிப் போத்தல்காரனிடம் கொடுப்பதற்கு முன்னர் ஒருமுறை விரித்துப் பாருங்கள். கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்திலே உங்கள் பிள்ளை எழுதிய நாலு வரி இருக்கலாம். அந்த ஒரு தாளை மட்டுமாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.